குசினிக்குக் காஸா, கரண்டா: வீடு கட்டுகிற ஒருவரின் கேள்விக்கு

நீங்கள் எழுதியது நாலு வரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடு கட்டுகிறீர்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அண்ணா வீட்டில் காஸ் குழாயில் வருகிறது, அங்கே காஸும் கரண்டும் ஒன்றாக இயங்குகின்றன. இங்கே கரண்ட் தருபவர்களும் காஸ் தருபவர்களும் ஏன் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பதில்லை, நாடு வளர்ந்தால் இவர்களும் சேருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கும்போது எனக்குப் பட்டது, இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: புதுக் குசினியை எதை நம்பிக் கட்டுவது? 2022இல் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டதைப் பார்த்த எவருக்கும் வருகிற கேள்விதான். 30 வருடத்துக்கு மேல் மின்விநியோகத்தில், அதில் பெரும்பகுதி குடாநாட்டுக்குள்ளேயே, வேலை செய்தவன் நான். கரண்ட் பக்கத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். காஸ் தொழிலில் நான் இருந்ததில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதை வெளியில் நின்று பார்த்தவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். ரொறன்ரோவிலும் இரண்டும் ஒரே கொம்பனி இல்லை. கரண்ட் தருவது ரொறன்ரோ ஹைட்ரோ, காஸ் தருவது என்பிரிட்ஜ். சிங்கப்பூரில் ஒரே குழுமம் கரண்ட் வலையமைப்பையும் காஸ் குழாய்களையும் பார்க்கிறது, ஒரே பில்லில் இரண்டும் வருகின்றன. ஆனால் அது எல்லா ஊருக்கும் பொதுவான முறை இல்லை. ஒன்றாயிருந்தால்தான் ஒத்துழைப்பு என்றும் இல்லை. உங்கள் அண்ணா அப்போதே அங்கே இருந்திருந்தால் 2013 டிசம்பரில் அடித்த பனிப்புயலைக் கேட்டுப் பாருங்கள். ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. குழாயில் காஸ் வந்துகொண்டுதான் இருந்தது, வீடுகளோ விறைத்துப் போயின. காஸில் எரியும் சூடாக்கியின் காற்றாடியும் கட்டுப்பாட்டுப் பலகையும் கரண்டில்தான் ஓடுகின்றன. காஸ் இருக்கிற வீடு கரண்ட் இல்லாமலும் சமாளிக்கும் என்ற எண்ணம் அந்தக் கிழமை பலருக்குப் போய்விட்டது.

இதைவிடப் பெரிய பாடம் 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் கிடைத்தது. குளிர் கூடியதும் கரண்ட் தேவை ஏறியது, போதாமல் போனதும் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெட்டிய இடங்களில் காஸ் கிணறுகளும், காஸை அழுத்தித் தள்ளும் நிலையங்களும் இருந்தன. அவற்றில் பலவற்றை வெட்டக்கூடாத இடங்கள் என்று பதிந்து வைக்கவில்லை. குளிரில் கிணறுகள் உறைந்ததோடு இதுவும் சேர, காஸ் வரத்துக் குறைந்தது. காஸ் குறைய, காஸில் ஓடும் மின்நிலையங்கள் நின்றன. அவை நிற்க, இன்னும் வெட்டினார்கள். 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், எந்தக் காஸ் நிலையம் எந்த மின்பாதையில் தொங்குகிறது என்பதைக் குறித்து வைக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. உலகத்திலேயே காஸுக்குப் பேர்போன மாநிலம் அது. எந்தக் கம்பியில் எது தொங்குகிறது என்ற ஒரு பட்டியல் இல்லாததும் ஒரு காரணமாகி அவ்வளவு உயிர் போனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இந்தப் பட்டியலைத்தான்.

நம்மைப்போல வளர்ந்துகொண்டிருக்கும் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் பங்களாதேஷைப் பாருங்கள். 2020 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு நாராயண்கஞ்ச் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரத்தில் வெடித்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நிலத்துக்குக் கீழே காஸ் குழாய் கசிந்து உள்ளே தேங்கியிருந்தது. கரண்ட் நின்று, வேறு இணைப்புக்கு மாற்றியபோது பறந்த பொறி அதைப் பற்றவைத்தது. காஸ்காரருக்குத் தம் குழாய் தெரியும், கரண்ட்காரருக்குத் தம் கம்பி தெரியும். இரண்டும் சந்திக்கும் அறையை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. ஒன்ராறியோவில் வீட்டு வளவுக்குள் மரம் நட நாலடி தோண்டுவதென்றாலும் முதலில் ஒரே இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். காஸ், கரண்ட், தொலைபேசி எல்லாருக்கும் தகவல் போய், அவரவர் வந்து நிலத்தில் நிறம் பூசிக் குறித்துவிட்டுப் போவார்கள். 2012இல் சட்டமாக்கினார்கள். குழாய்க் காஸ் வருவதற்கு முன்பே எங்களுக்கும் இது தேவை, ஏனென்றால் தண்ணீர்க் குழாய்க்கும் தொலைபேசிக் கம்பிக்கும் இப்போதே ஒழுங்கைகளைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி எங்கள் நிலை. 1983இல் தொடங்கிய லெக்கோ என்ற மின்விநியோகக் கொம்பனி மேற்கு, தெற்குக் கரையோர நகரங்கள் சிலவற்றைப் பார்க்க, மற்ற இடங்களை 1969இல் உருவான இலங்கை மின்சார சபை பார்த்து வந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சபையைத் தனித்தனிக் கொம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. காஸ் பக்கம் அரசின் லிட்ரோவும் தனியாரின் லாஃப்ஸும். குழாய் இல்லை, எல்லாம் சிலிண்டர்தான்: 12.5 கிலோ, 5 கிலோ, 2.3 கிலோ. கப்பலில் வந்து தெற்கே இறங்கி, ஏ9 வீதியில் லொறியில் ஏறி, கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் கடந்து எங்கள் கடை வாசலுக்கு வருகிறது. மின்கட்டணம் மாறவேண்டுமென்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பார்த்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு முடிவு சொல்லும். சிலிண்டர் விலை அந்த வழியால் வருவதில்லை. ஆகவே கரண்ட் ஏறினால் எத்தனை வீடு காஸுக்குப் போகும், காஸ் ஏறினால் எத்தனை வீடு கரண்டுக்குத் தாவும் என்று ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் இடம் எதுவும் இல்லை. நீங்கள் கேட்ட 'ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை' என்பதற்கு என் பதில் இதுதான். ஆட்களின் குறை என்று நான் நினைக்கவில்லை, மேசை இல்லாத குறை.

அதன் விளைவை நான் இணுவிலில் ஒரு ஒழுங்கைக்குள் நின்று பார்த்தேன். 2022 நடுப்பகுதி. காஸ் இல்லை. வெற்றுச் சிலிண்டரை வீதியோரம் வரிசையில் வைத்து, பெயர் எழுதி, சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன காலம். கடையில் கிடைத்த ஹொட் பிளேற்றையும் இண்டக்சன் அடுப்பையும் சனம் கடன்பட்டு வாங்கியது. ஒருநாள் பின்னேரம் ஒரு ஆசிரியை எனக்கு நேரே போன் எடுத்தார். "ஐயா, புட்டுப் பானைத் தண்ணி முக்கால் மணித்தியாலமாக் கொதிக்குதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ." போய் அவருடைய பிளக்கில் மீற்றரை வைத்தால் 188 வோல்ற். சட்டப்படி 230, கூடக்குறைய நூற்றுக்கு 6 போகலாம், அதாவது 216க்குக் கீழே இறங்கக்கூடாது. கம்பிச்சுருள் அடுப்பில் 188 வோல்ற் என்றால் மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விடும். அவர் அடுப்பில் பழுதில்லை. அவர் வீடு லைன் முடியும் இடத்தில் இருந்தது. டிரான்ஸ்போமருக்கும் அவருக்கும் இடையில் வீடு வீடாகப் புது அடுப்புகள்.

கணக்கை எளிமையாகச் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு. 100 கேவிஏ டிரான்ஸ்போமரில், அதாவது ஏறக்குறைய 100 கிலோவாற் தாங்குவதில், 120 வீடு என்று வையுங்கள். இரவு 7 மணிக்கு வீட்டுக்குச் சராசரி 0.6 கிலோவாற் என்றால் மொத்தம் 72. பரவாயில்லை. அதில் 30 வீடு 1.8 கிலோவாற் அடுப்பை ஒரே நேரத்தில் போட்டால் இன்னும் 54 ஏறும். டிரான்ஸ்போமர் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. அந்த வருடம் வெட்டு முடிந்து கரண்ட் வரும் நிமிடம்தான் எங்களுக்குப் பயம். காத்திருந்த எல்லா வீட்டிலும் தண்ணி மோட்டரும் ஃப்ரிட்ஜும் அடுப்பும் ஒன்றாக எழும்பும், கம்பத்தில் பியூஸ் போகும், திரும்ப ஏணியோடு ஓடவேண்டும். 'அடுத்த மூன்று கிழமைக்கு இந்தப் பிரதேசத்துக்குச் சிலிண்டர் வராது' என்று காஸ் பக்கத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தால், எந்த டிரான்ஸ்போமரில் சுமையைப் பக்கத்து லைனுக்கு மாற்றுவது என்று முதலே பார்த்திருக்கலாம். வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

இனி உங்கள் குசினிக் கணக்கு. ஒரு கிலோ எல்.பி. காஸில் ஏறத்தாழ 12.8 யூனிற் சக்தி இருக்கிறது. 12.5 கிலோ சிலிண்டரில் 160 யூனிற். காஸ் அடுப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் பானைக்குள் போகும், மிச்சம் சுற்றிவரக் குசினியைச் சூடாக்கும். இண்டக்சனில் நூற்றுக்கு 85 பங்கு பானைக்குள் போகும். ஆக, ஒரு முழுச் சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்சன் ஏறக்குறைய 100 யூனிற்றில் செய்யும். இந்த ஒரு இலக்கத்தை மனதில் வைத்தால் போதும், விலை எப்படி மாறினாலும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒப்பிடும்போது பலர் விடும் பிழை, பில்லில் உள்ள சராசரி விலையால் பெருக்குவது. எங்கள் கட்டணம் 60, 90, 120, 180 என்று படி படியாக ஏறுவது. சிலிண்டர் 45 நாள் போகும் வீடு என்றால் சமையலுக்கு மாதம் 65, 70 யூனிற் கூடும். இப்போது 90 யூனிற் எரிக்கும் வீடு 155 தாண்டிவிடும். கூடிய யூனிற் எல்லாம் மேல்படி விலையில் விழும். அந்த மேல்படி விலையால்தான் பெருக்கவேண்டும்.

விலையை விட நேரம் முக்கியம், இதை நான் அடித்துச் சொல்வேன். பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டின் உச்சத் தேவை. யாழ்ப்பாணத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் இடியப்பமும் அவிக்கும் நேரமும் அதேதான். அந்த நேரத்தில் வெயில் இல்லை, எண்ணெயில் ஓடும் நிலையங்களையும் எழுப்பவேண்டி வரும். சுன்னாகத்தில் உள்ள 24 மெகாவாற் உத்துரு ஜனனி அப்படியான ஒன்று. எண்ணெயை எரித்துக் கரண்டாக்கும்போது நூற்றுக்கு 40 பங்குதான் மிஞ்சும். கம்பியில் போகும் இழப்பைக் கழித்து, அடுப்பின் 85 பங்கையும் சேர்த்துப் பார்த்தால் பானைக்குள் வருவது ஏறக்குறைய 30 பங்கு. காஸை நேரே அடுப்பில் எரித்தால் 50க்கு மேல். ஆகவே எண்ணெய் நிலையங்கள் ஓடும் இரவு 7 மணிக்கு, இறக்குமதி எரிபொருளை நாடு குறைவாகச் செலவழிப்பது காஸ் அடுப்பில்தான். பகல் 11 மணிக்குக் கதை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி கேட்கப்பட்டார்கள். எடுக்க ஆளில்லாமல் கரண்ட் வீணாகும் அந்த நேரத்தில்தான் எங்கள் வீடுகளில் மத்தியானச் சோறும் கறியும் காஸில் வேகின்றன. பகல் சமையல் கரண்டில், இரவுச் சமையல் காஸில் என்று பிரிந்தால் டிரான்ஸ்போமருக்கும் நல்லது, லொறியில் வரவேண்டிய சிலிண்டரும் குறையும். உச்ச நேரத்தில் கூடவும் மற்ற நேரத்தில் குறையவும் விலை போடும் கட்டண முறை வீட்டுப் பாவனையாளருக்கும் ஒரு தெரிவாக உண்டு. காஸ் விற்பவரும் கரண்ட் விற்பவரும் சேர்ந்து செய்யக்கூடிய முதல் வேலை இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்துவது என்பது என் அபிப்பிராயம்.

'இரண்டையும் வைத்தால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும்' என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். உள்ளூர்ப் பழுதுக்கு அது சரி. மரம் விழுந்தால், லொறி தாமதித்தால், மற்றது காப்பாற்றும். 2022இல் நடந்தது வேறு. சிலிண்டருக்கு டொலர், மின்நிலைய எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அதே டொலர். டொலர் தீர்ந்ததும் இரண்டும் சேர்ந்து விழுந்தன. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. கூரையில் சோலார் வைத்திருந்த வீட்டுக்காரர் பலர் அப்போது என்னிடம் கேட்டார்கள், வெயில் எறிக்கிறது, ஏன் எங்களுக்கும் கரண்ட் இல்லை என்று. வலையமைப்போடு இணைந்த சாதாரண சோலார், வெளியில் கரண்ட் நின்றதும் தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்பவனின் உயிருக்காக அப்படி. பற்றரியும் அதற்கேற்ற இன்வேற்றரும் இருந்தால்தான் தனியே ஓடும். 1990இல் தெற்கே லக்சபான நீர்மின்நிலையப் பக்கமிருந்து வந்த கரண்ட் அறுந்த பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்து, பனம் மட்டையிலும் கங்குமட்டையிலும் சமைத்துச் சாப்பிட்ட சனம் நாங்கள். ஒரு மண் அடுப்பைப் பின்பக்கம் வைத்திருப்பதைப் பழமை என்று எவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

குழாய்க் காஸ் யாழ்ப்பாணத்துக்கு வருமா என்றால், அது உறுதியில்லாத பக்கம், இனிச் சொல்வது என் கணிப்பு மட்டும். மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கை எரிவாயு கண்டார்கள், இன்னும் வெளியே எடுக்கவில்லை. கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியில் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடக்கூடிய 350 மெகாவாற் நிலையம் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது, காஸ் இறக்கும் துறை இல்லாததால் டீசலில் ஓட்டவேண்டிய நிலை. நாட்டுக்குக் காஸ் வந்தாலும் முதலில் போவது மின்நிலையத்துக்கும் தொழிற்சாலைக்கும். குடாநாட்டில் வீடுகள் பெரிய வளவுக்குள் விலகி விலகி இருக்கின்றன, சில அடி தோண்டினால் சுண்ணாம்புக் கல். ஒரு வீட்டுக்குப் போடவேண்டிய குழாயின் நீளத்தையும் கல் உடைக்கும் செலவையும் பார்த்தால் எங்கள் காலத்தில் நடக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டை அதை எதிர்பார்த்துக் கட்டாதீர்கள்.

சரி, கட்டும் வீட்டுக்கு வருகிறேன். இங்கே காஸும் கரண்டும் உண்மையாகச் சந்திக்கும் இடம் உங்கள் குசினிச் சுவர்தான். எல்.பி. காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் நிலத்தில் படியும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்தபோது, சிலிண்டரில் புரொப்பேன் பங்கு கூடி அழுத்தம் ஏறியதை நிபுணர் குழு முக்கிய காரணமாகச் சொன்னது. பழைய றெகுலேற்றரும் வெடிப்பு விழுந்த ரியூப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. சிலிண்டரை வெளிச்சுவரோடு, நிழலில், காற்றோட்டமான கூட்டில் வையுங்கள், ரியூப் சுவர் வழியே உள்ளே வரட்டும். கூட்டின் அடியில் காற்றுத் துவாரம் கட்டாயம். கூட்டுக்குப் பக்கத்தில் பிளக், சுவிட்ச் எதுவும் வேண்டாம். இரவில் எழும்பும்போது காஸ் மணம் வந்தால் லைற் போடவும் கூடாது, எரியும் லைற்றை நிற்பாட்டவும் கூடாது. கதவைத் திறந்து, சிலிண்டரைப் பூட்டி, வெளியே வந்துவிடவேண்டும். அந்தச் சின்னப் பொறிதான் நாராயண்கஞ்சில் நடந்தது.

இண்டக்சனுக்கு 2000 வாற் என்றால் 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பிளக்கில் மாற்றி போட்டுச் செருகி, உருகிக் கறுத்த பிளக்குகளை 2022இல் எத்தனையோ வீட்டில் கழற்றினேன். ஒரு வீட்டில் பிளக்குக்குப் பின்னால் இருந்த வயரின் உறை சுவருக்குள்ளேயே இரண்டடி தூரம் பொரிந்திருந்தது, மேலே பூச்சுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகவே பூச்சு வேலை தொடங்க முதல், குசினிக்கு மட்டும் தனி சேர்க்கிற் ஒன்று, 4 சதுர மில்லிமீற்றர் வயரில், தனி பிரேக்கரோடு, அடுப்பு மேசைக்கு மேல் முடியும்படி இழுக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், மாதம் ஒருக்கால் அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது சமையலும் கரண்டில் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் ஒழுங்கை எந்த டிரான்ஸ்போமரில் இருக்கிறது, நீங்கள் லைனின் எந்த முனையில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், கேட்டால் சொல்வார்கள். முனை வீடு என்றால் மூன்று பேஸ் இணைப்புக்கு ஆகும் செலவை இப்போதே விசாரித்து வையுங்கள். கூரை வரைபடத்தையும் குசினி வரைபடத்தையும் இங்கே போட்டால், பிளக் எங்கே வரவேண்டும், சிலிண்டர்க் கூடு எங்கே வரவேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.